நீட் தேர்வு: மூன்று மணி நேரமும் தளராமல் எழுதப் பழகுவது எப்படி?

பாடம் நன்றாகத் தெரிந்த மாணவருக்கும் நீட் தேர்வின் கடைசி ஐம்பது நிமிடத்தில் மதிப்பெண் கைநழுவிப் போவதுண்டு. வீட்டுக்கு வந்து அதே வினாவைப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். இது பாடக் குறை இல்லை, தெம்புக் குறை. இதற்குப் புத்தகத்தை இன்னொரு முறை புரட்டிப் பயனில்லை. நிஜத் தேர்வைப் போலவே உட்கார்ந்து எழுதிப் பழகினால்தான் சரியாகும். முதல்முறை நீட் எழுதப் போகிறவர்களுக்காக, எங்கே தொடங்குவது, எப்படி ஏற்றுவது, எழுதி முடித்த மாதிரித் தேர்வை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறோம்.

எத்தனை மணி நேரத்துக்குத் தயாராக வேண்டும்?

2025-இல் வந்த முறைப்படி 180 வினாக்கள், 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம்.

வினாவுக்கு ஒரு நிமிடம் என்று தோன்றும். ஆனால் ஓஎம்ஆர் தாளில் ஒரு வட்டத்தைக் கருக்க 5 விநாடி என்று வைத்தாலும் 180 வட்டத்துக்கு 15 நிமிடம் போய்விடுகிறது. மிச்சம் 165 நிமிடம், அதாவது வினாவுக்கு 55 விநாடி. வினாவைப் படிப்பதும் இந்த 55 விநாடிக்குள்தான்.

அடுத்து, பலரும் கணக்கில் சேர்க்காத நேரம். தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. மையத்தின் வாசல் 1.30-க்கு மூடப்படும். உடல் சோதனை, பயோமெட்ரிக் பதிவு, இடம் தேடி உட்காருவது எல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும் என்பதால், வெயிலில் வரிசையில் நின்று 12 மணிக்கே உள்ளே போகிறவர்கள் நிறைய. அப்படிப் போனவர் 5 மணி வரை சாப்பாடு இல்லாமல், ஃபோன் இல்லாமல், பேச ஆளில்லாமல் இருக்கிறார். நீங்கள் பழக வேண்டியது மூன்று மணி நேரத்துக்கு இல்லை, ஐந்து மணி நேரத்துக்கு.

'ப்ளஸ் டூ பொதுத்தேர்வே மூன்று மணி நேரம்தானே, அதை எழுதவில்லையா?' என்று கேட்கலாம். அது காலை 10 மணித் தேர்வு, மூளை புத்துணர்ச்சியாக இருக்கும் நேரம். அங்கே ஒரு ஐந்து மதிப்பெண் விடையை எழுதும்போது கை ஓடும், மனம் சற்று இளைப்பாறும். நீட்டில் அந்த இளைப்பாறல் கிடையாது. 180 முறை படித்து, 180 முறை முடிவெடுக்க வேண்டும். களைப்பு கையில் தெரியாது, முடிவெடுப்பதில்தான் தெரியும்.

கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை நல்ல வினாத்தாள்கள். பழைய நீட் தாள்களை விடச் சிறந்தவை இல்லை. ஆனால் எல்லா ஆண்டுத் தாளும் ஒரே அளவு இல்லை. 2016 முதல் 2020 வரை 180 வினா, 180 நிமிடம். இப்போதைய அளவோடு அப்படியே பொருந்தும். 2021-இல் 200 வினா கொடுத்து 180-க்கு விடை கேட்டார்கள், நேரம் 180 நிமிடம்தான். 2022 முதல் 2024 வரை அதே 200 வினாவுக்கு 200 நிமிடம். இந்த நான்கு ஆண்டுத் தாள்களில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற ஒவ்வொரு பிரிவிலும் 35 கட்டாய வினா, அதன்பின் 15-இல் 10 என்று இருக்கும். மாதிரித் தேர்வாக எழுதும்போது அந்த 15-இல் கடைசி ஐந்தை எழுதும் முன்பே அடித்துவிடுங்கள். 45 வீதம் நான்கு பிரிவு, சரியாக 180 வந்துவிடும். எளிதானவற்றைப் பொறுக்கி எழுதும் வசதியும் போய்விடும், அதுதான் நமக்கு வேண்டும்.

இன்னொன்று பாடத்திட்டம். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. வேதியியலில் திடநிலை, ஹைட்ரஜன், பாலிமர்கள் போன்றவையும், உயிரியலில் தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம், செரிமானம் போன்றவையும் நீங்கின. பழைய தாளில் இந்த வினாக்களை வெறுமனே விட்டுவிட்டால் 180 என்பது 160 ஆகிவிடும், தெம்புக்கான பயிற்சி நீர்த்துப்போகும். நீங்கிய ஒவ்வொரு வினாவுக்கும் வேறொரு தாளிலிருந்து ஒரு வினாவைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்புங்கள். இதை நீங்களே செய்தால் வினா முன்கூட்டியே தெரிந்துவிடும். அண்ணன், அக்கா, நண்பர் என்று யாரிடமாவது கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு தாள்களை இப்போதே தொடாமல் எடுத்து வையுங்கள். கடைசி இரு வாரத்தில் அவை வேண்டும்.

தாளை ஃபோனில் பார்த்து எழுதாதீர்கள். அச்செடுத்து, புத்தகமாகத் தைத்து, பக்கம் புரட்டி எழுதுங்கள். ரஃப் வொர்க்கும் அந்தத் தாளிலேயே காலியாக இருக்கும் இடத்தில்தான். தனி நோட்டில் கணக்குப் போட்டுப் பழகியவருக்குத் தேர்வறையில் இடம் போதாமல் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 6 என்று எழுதியது 0 ஆகத் தெரியும்.

180 வினாவுக்கான வெற்று ஓஎம்ஆர் தாள் 15 படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கறுப்புப் பால்பாயிண்ட் பேனா போதும். தேர்வறையில் பேனாவை அங்கேயே கொடுப்பார்கள், உங்களுக்குப் பிடித்த ஜெல் பேனா வராது. கைக்கடிகாரத்துக்கும் அனுமதி இல்லை. அதனால் சுவர்க் கடிகாரம் ஒன்று, நிமிர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில் இருக்கட்டும். ஃபோன் டைமர் வேண்டாம்.

படிப்படியாக ஏற்றுவது

நீட் பெரும்பாலும் மே மாதத்தின் முதல் ஞாயிறு வருகிறது. அதிலிருந்து பின்னோக்கி 12 வாரம் எண்ணினால் பிப்ரவரி தொடக்கம். நடுவில் மார்ச்சில் பொதுத்தேர்வு குறுக்கிடும். அதையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: 45 வினா, 45 நிமிடம், ஒரே பாடம். வாரம் மூன்று முறை. இங்கே மதிப்பெண்ணைப் பார்க்கவே வேண்டாம். இடத்தைவிட்டு எழாமல், தண்ணீர் எடுக்கப் போகாமல், ஃபோனைத் தொடாமல் 45 நிமிடம் இருந்தீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. சிலருக்கு இதுவே கஷ்டமாக இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம்: 90 வினா, 90 நிமிடம். உயிரியல் 45, உடனே வேதியியல் 45. நடுவில் இடைவெளி கிடையாது. பாடம் மாறும் அந்த இடத்தில் முதல் நான்கைந்து வினா தடுமாறும். மூளை ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திரும்ப எடுக்கும் நேரம் அது. அதைப் பழக்கத்தான் இந்த வாரம்.

நான்கு முதல் ஏழு: பொதுத்தேர்வுக் காலம். வாரத்துக்கு ஒரே ஒரு 90 நிமிடத் தேர்வு போதும், அதுவும் மறுநாள் பரீட்சை இல்லாத நாளில். அடியோடு விட்டுவிடாமல் இருந்தால் சரி.

எட்டாவது வாரம்: 135 வினா, 135 நிமிடம் ஒருமுறை (உயிரியல் 90, வேதியியல் 45). அந்த வார ஞாயிறே முதல் முழுத் தேர்வு.

ஒன்பது முதல் பதினொன்று: வாரம் இரண்டு முழுத் தேர்வு. ஒன்று ஞாயிறு, இன்னொன்று புதன் அல்லது வியாழன். கடைசி வாரத்தில் ஒன்றே ஒன்று. ஆக மொத்தம் எட்டு முழுத் தேர்வுகள்.

எட்டுதானா என்று தோன்றலாம். நாளுக்கொரு முழுத் தேர்வு என்று முப்பது எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதுகிறவர்களுக்கு விடைகளை அலச நேரமே இருக்காது. ஒரே தவற்றை முப்பது முறை செய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்வதில்தான் போய் முடியும். மறுமுறை எழுதுகிறவர்களுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் முழுத் தேர்வை 12 வரை கொண்டு போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏற ஒரே விதி: கடைசி மூன்றில் ஒரு பங்கில் வரும் தவறுகள், முதல் மூன்றில் ஒரு பங்கில் வந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் ஏறாதீர்கள். அதே நீளத்தில் இன்னொரு முறை எழுதுங்கள்.

முழுத் தேர்வு நாள்: காலை முதல் மாலை வரை

ஞாயிறு காலை வழக்கம்போல் எழுங்கள். சாப்பாடு 11 மணிக்கு. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு உட்கார்ந்தால் மூன்றுமணி வாக்கில் கண் சொருகும்; அது சோம்பல் இல்லை, உடலின் இயல்பு. மூன்று இட்லியோ, ஒரு கிண்ணம் தயிர் சாதமோ என்று அளவாக வைத்து, எது 5 மணி வரை தாங்குகிறது என்று இந்த எட்டுத் தேர்வுகளில் கண்டுபிடியுங்கள். தினமும் காபி குடிப்பவர் அன்று விட்டால் தலைவலி வரும். குடிக்காதவர் அன்று புதிதாகக் குடித்தால் படபடப்பு வரும். இரண்டும் வேண்டாம்.

12.30-க்குப் புத்தகத்தை மூடுங்கள். ஃபோனை வேறு அறையில் வையுங்கள். அதன்பின் 1.45 வரை சும்மா இருக்க வேண்டும். இந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பார்ப்பார்கள், வீண் என்று தோன்றும். ஆனால் நிஜத் தேர்வில் பதற்றம் ஏறுவது இந்த நேரத்தில்தான். ஒன்றும் செய்யாமல் காத்திருக்கவும் பழக்கம் வேண்டும்.

1.45-க்கு வீட்டில் ஒருவர் தாளைக் கொடுக்கட்டும். மேலுறையில் விவரம் நிரப்பிவிட்டுக் காத்திருங்கள். சரியாக 2 மணிக்குத் திறக்க வேண்டும். ஏசி போட வேண்டாம், மின்விசிறி போதும். மே மாதப் பிற்பகலில் மையத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பெரிய மேசையில் பரப்பி வைத்து எழுதாமல், பள்ளி பெஞ்சு அளவுக்கு இடத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். வினாத்தாளும் ஓஎம்ஆர் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் நெருக்கடியில்தான் வரிசை மாறிக் கருக்குவது நடக்கிறது.

வீட்டில் இருப்பவரிடம் இன்னொரு உதவியும் கேளுங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது, எப்போது என்று சொல்லாமல், ஒருமுறை வந்து ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். தேர்வறையில் கண்காணிப்பாளர் வருகைப்பதிவில் கையெழுத்து வாங்க இப்படித்தான் நடுவில் வருவார். அரை நிமிடம்தான், ஆனால் பாதிக் கணக்கில் இருப்பவருக்கு அறுந்த நூலைப் பிடிக்க இரண்டு நிமிடம் ஆகும். கையெழுத்துப் போடும் முன், நின்ற வரியின் அடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போடுங்கள். திரும்பி வந்தால் அங்கிருந்தே தொடரலாம்.

மூன்று மணி நேரத்தைப் பங்கிடுவது

உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 60. மீதி 20 நிமிடம் விட்ட வினாக்களுக்கு. உயிரியலில் தொடங்குவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். 90 வினா முடிந்த தெம்பு அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு உதவும். இயற்பியலில் தொடங்கி முதல் பத்துக் கணக்கில் 30 நிமிடம் சிக்கிக்கொண்டால் மிச்ச நேரம் முழுக்க ஓட்டமும் நடையும்தான்.

ஒரு வினாவில் ஒன்றரை நிமிடம் தாண்டினால் எண்ணைச் சுற்றிவிட்டு நகருங்கள். 'இன்னும் ஒரே ஸ்டெப்தான்' என்ற ஆசைதான் மூன்று நிமிடத்தை விழுங்கும்.

வட்டங்களைக் கடைசியில் மொத்தமாகக் கருக்கலாம் என்று வைக்காதீர்கள். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளைக் கருக்கிவிட்டுப் புரட்டுங்கள். ஒரு வினாவைத் தாண்டிப் போகும்போதுதான் வரிசை பிசகும்: 37-ஐ விட்டுவிட்டு 38-இன் விடையை 37-இல் கருக்கிவிடுவது. அப்படி ஆனால் 45-இல்தான் தெரியவரும், பேனாவில் கருக்கியதை அழிக்கவும் முடியாது. கருக்கும்போது எண்ணை மனதுக்குள் சொல்லிக்கொண்டே கருக்குவது ஒன்றுதான் நம்பகமான தடுப்பு.

ஒவ்வொரு 45 வினாவுக்குப் பின்னும் 20 விநாடி பேனாவைக் கீழே வையுங்கள். தூரத்தில் எதையாவது பாருங்கள், தோளைத் தளர்த்துங்கள், ஒரு மிடறு தண்ணீர். மூன்று முறைக்கு மொத்தம் ஒரே நிமிடம். எழுந்து கழிவறை போய் வந்தால் ஐந்து நிமிடமாவது ஆகும், அது ஐந்து வினாவின் நேரம். தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கச் சொல்வது அதனால்தான்.

அரை மணிக் கோடு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரித் தேர்வு எழுதும்போது 2.30, 3.00, 3.30, 4.00, 4.30 ஆகும்போதெல்லாம், அப்போது எந்த வினாவில் இருக்கிறீர்களோ அதன் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். தேர்வு முடிந்தபின் தாள் ஆறு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை எழுதினீர்கள், எத்தனை தவறு என்று எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு, முதல் அரை மணியில் 48 எழுதி 3 தவறு. மூன்றாவதில் 30-க்கு 4. ஐந்தாவதில் 22-க்கு 9 என்று வருகிறது என்று வைப்போம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஐந்தாவது அரை மணியின் அந்த 9 தவறும் சரியாக இருந்திருந்தால் 45 மதிப்பெண் கூடியிருக்கும். விட்டிருந்தால்கூட 9 மிஞ்சியிருக்கும்.

அந்த 9 களைப்பால் வந்ததா, தெரியாமல் வந்ததா? மறுநாள் காலை, விடைத்தாளைப் பார்க்காமல், அதே ஒன்பதையும் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் போட்டுப் பாருங்கள். சரியாக வருபவை களைப்பின் கணக்கு. அப்போதும் வராதவை பாடத்தின் கணக்கு. முதலாவதற்கு மருந்து இன்னும் நீளமான உட்காருதல், இரண்டாவதற்கு மருந்து புத்தகம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தெம்பு இல்லாதவர் மறுபடி மறுபடி படித்துக்கொண்டே இருக்கிறார்.

இதில் ஒரு பொறி உண்டு. எப்போதும் இயற்பியலைக் கடைசியில் எழுதுகிறவருக்கு, கடைசித் தவறுகள் களைப்பாலா, இயற்பியல் கடினம் என்பதாலா என்று பிரிக்க முடியாது. ஆகவே எட்டில் ஒரு தேர்வை மட்டும் வரிசை மாற்றி எழுதுங்கள்: இயற்பியல் முதலில், உயிரியல் கடைசியில். உயிரியலிலும் கடைசி ஒரு மணியில் தவறு கூடினால் தெம்புதான் பிரச்சினை. கூடவில்லை என்றால் இயற்பியலைக் கவனியுங்கள்.

அலசலுக்குத் தேர்வு எழுதிய அளவுக்கே நேரம் ஒதுக்குங்கள். மூன்று மணி நேரம், ஆனால் அன்று மாலையே வேண்டாம். மறுநாள் இரண்டு அமர்வாகச் செய்யலாம்.

களைப்பு எங்கே கடிக்கிறது

தமிழ்வழியில் எழுதுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வினாவின் கடைசிச் சொல். 'கீழ்க்கண்ட கூற்றுகளில் தவறானது எது', 'பொருந்தாத இணையைக் காண்க' என்று நம் மொழியில் எதிர்மறை பெரும்பாலும் வரியின் இறுதிப் பக்கம்தான் வரும். களைத்த கண் அதற்கு முன்பே விடைகளுக்குத் தாவிவிடும். முதலில் தென்படும் சரியான கூற்றைக் கருக்கிவிட்டுப் போய்விடுவோம். நான்காவது தேர்விலிருந்தாவது அந்தச் சொல்லின் கீழ்க் கோடு போடாமல் விடையைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழி வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதனால் மாதிரித் தாளும் இருமொழியில் இருக்கட்டும். ஒரு கலைச்சொல் புரியவில்லை என்றால் ஆங்கிலப் பக்கத்துக்குக் கண் தானாகப் போய் வர வேண்டும். இதைத் தேர்வறையில் முதன்முதலாகச் செய்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் கால் நிமிடம் போகும்.

இயற்பியலில் களைப்பு அலகு மாற்றத்தில் காட்டும். செ.மீ.-யை மீட்டராக்க மறப்பது, விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொள்வது. வினாவில் எண்ணைக் கண்டதும் அதன் அலகைச் சுற்றிவிடுங்கள்.

கடைசி இருபது நிமிடத்தில் ஊகம் என்ற ஆசை வரும். நான்கு விடையில் இரண்டை உறுதியாக நீக்க முடிந்தால் ஊகிக்கலாம். சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். எதையுமே நீக்க முடியாவிட்டால் லாபம் கால் மதிப்பெண்தான். களைத்த மூளை 'நீக்கிவிட்டேன்' என்று நினைப்பதில் பாதி உண்மையில் நீக்கியது இல்லை. ஊகித்த வினாவுக்கெல்லாம் தாளில் ஒரு நட்சத்திரம் போட்டு, எத்தனை பலித்தது என்று எட்டுத் தேர்வுக்கும் எண்ணிக்கை வையுங்கள். பாதிக்குக் கீழே பலித்தால் உங்கள் நீக்கல் சரியில்லை. ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனால் நஷ்டம், விட்டுவிடுவதே மேல்.

மதிப்பெண் ஒரு தேர்வில் 30 குறைந்தால் துவண்டுபோகாதீர்கள். தாளுக்குத் தாள் கடினம் மாறும். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் இருந்தார்கள். 2025-இல் இயற்பியல் பகுதி பலரைத் திணறடித்தது, முதலிடமே 686 தான். ஒப்பிட வேண்டியது ஆறு துண்டுகளில் தவறுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை.

கடைசி வாரம்

எடுத்து வைத்த இரண்டு தாள்களில் ஒன்றைப் பதினோராவது வார ஞாயிறும், மற்றொன்றைத் தேர்வுக்கு முந்தைய செவ்வாயும் எழுதுங்கள். அதன்பின் முழுத் தேர்வு கிடையாது. புதனன்று அலசல். வியாழனும் வெள்ளியும் சரியாக 2 மணிக்கு 45 வினா மட்டும், உடல் அந்த நேரத்தை மறந்துவிடாமல் இருக்க. இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்களோ அதை இந்த வாரம் மாற்றாதீர்கள். பிற்பகலில் தூங்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை தேர்வு எதுவும் வேண்டாம். ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், உடை விதிகள், கொண்டுபோக வேண்டிய புகைப்படம், அடையாள அட்டை ஆகியவற்றைச் சரிபார்த்து ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் ஏதாவது மாறியிருந்தால் அதுவே செல்லும்.

ஞாயிறு காலை, ஏற்கெனவே எழுதிய ஒரு தாளிலிருந்து எளிய உயிரியல் வினா பத்தை எடுத்துப் பத்து நிமிடம் படியுங்கள். கண்ணும் கையும் ஓடத் தொடங்கினால் போதும், விடை சரியா என்று பார்க்க வேண்டாம். 11 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மையம் தொலைவு என்றால் சாப்பாட்டை அதற்கேற்ப முன்னால் தள்ளுங்கள், அளவைக் கூட்ட வேண்டாம்.